படமெடுக்க வருகிறார்கள், படிக்க யார் போகிறார்கள்?

1992 ஆகஸ்ட் 15 அன்று மணிரத்னத்தின் 'ரோஜா' வெளியானது. கதாநாயகி அறிமுகமாகும் பாடலில் கொட்டுகிற தண்ணீரில் ஒரு பங்கு ஒகேனக்கல்லுடையது. அதற்கு எட்டு வாரம் முன்பு, ஜூன் 20 அன்று, அதே தருமபுரி மாவட்டத்தின் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிப் புகுந்து ஊரையே சூறையாடினார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஒகேனக்கல் தண்ணீரை நாடே பார்த்துவிட்டது. வாச்சாத்தியின் சாயல் வெள்ளித்திரையில் பரவலாகப் பேசப்படுவதற்கு 2023-ல் வெற்றிமாறனின் 'விடுதலை' வர வேண்டியிருந்தது. 2000-ம் ஆண்டு பிப்ரவரி 2 அன்று தருமபுரியில் பஸ்ஸோடு எரிக்கப்பட்ட மூன்று வேளாண் கல்லூரி மாணவிகளின் துயரம் 2007-ல் பாலாஜி சக்திவேலின் 'கல்லூரி'க்கு முடிவுக் காட்சியைத் தந்தது. இவை எதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. எடுத்தவர்கள் அக்கறையோடுதான் எடுத்தார்கள். ஆனாலும் முப்பது ஆண்டுகளாக ஒரு வழக்கம் மாறவில்லை. தருமபுரியின் அழகையும் சரி, அவலத்தையும் சரி, படமாக்கக் கேமரா வெளியிலிருந்துதான் வருகிறது. இந்த வழக்கம் மாற வேண்டுமானால், இந்த மாவட்டத்துப் பிள்ளைகளில் சிலராவது உலகத்தின் நல்ல திரைப்படப் பள்ளிகளுக்குப் போய்ப் படித்துத் திரும்ப வேண்டும், அதுவும் சொத்தை அடகு வைக்காமல் பொதுப்பணத்தில் போக வேண்டும் என்பது என் கட்சி.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் இருப்பார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி: மாநிலம் 80 சதவீதத்தைத் தொட்டிருந்தபோது இங்கே 68.5. பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிப் பஸ் ஏறுகிற ஊரிலிருந்து சினிமா படிக்க ஐரோப்பாவுக்கா என்று கேட்பது நியாயம் போலத்தான் தெரியும். ஆனால் தமிழ் சினிமாவின் பழைய ஏட்டைப் புரட்டினால், வெளிநாட்டுப் படிப்பு அதற்குப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட ஆடம்பரமாகத் தெரியவில்லை. சென்னையில் படக்கொட்டகை நடத்திய ரகுபதி வெங்கையா, மகன் பிரகாஷைத் தொழில் கற்க இங்கிலாந்துக்கு அனுப்பினார். பிரகாஷ் திரும்பிவந்து 1921-ல் 'பீஷ்ம பிரதிக்ஞை' எடுத்தார். அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் படித்த மாணிக் லால் டாண்டன், தன்னோடு படித்த எல்லிஸ் ஆர். டங்கனை 1935-ல் இந்தியாவுக்கு அழைத்து வந்தார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாத அந்த அமெரிக்கர் மறு ஆண்டே 'சதி லீலாவதி'யை இயக்கினார், எம்.ஜி.ஆர். முதன்முதலில் திரையில் தோன்றியது அதில்தான். இங்கிலாந்தின் லீட்ஸில் துணித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த டி.ஆர். சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல். அதுவரை சேலம் மாவட்டம்தான். ஆக, டங்கன் 1950-ல் 'மந்திரி குமாரி'யை எடுத்த ஸ்டுடியோ, இன்றைய தருமபுரிக்காரர்களின் பாட்டன்மாருக்குச் சொந்த மாவட்டத்து ஸ்டுடியோ. கடல் தாண்டிய படிப்பு ஒருமுறை இந்த மண்ணுக்கு அவ்வளவு அருகில் வந்து போயிருக்கிறது.

இவர்களையெல்லாம்விட என் வாதத்துக்குப் பொருத்தமான சாட்சி பாலு மகேந்திரா. மட்டக்களப்புக்குப் பக்கத்து அமிர்தகழியில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது, இலங்கையில் டேவிட் லீன் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' எடுத்துக்கொண்டிருந்ததை வேடிக்கை பார்த்ததுதான் தன்னைச் சினிமாவுக்கு இழுத்தது என்று பலமுறை சொல்லியிருக்கிறார். ஒகேனக்கல்லில் ஷூட்டிங் பார்க்கக் கரையோரம் நிற்கிற பையன்களுக்கும் அந்தச் சிறுவனுக்கும் என்ன வித்தியாசம்? பாலு மகேந்திராவுக்குப் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. 1966-ல் கடல் கடந்து புனே திரைப்படக் கல்லூரிக்கு வந்தார். நமக்குப் புனே உள்நாடு; அவருக்கு அது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் போலத்தான். மொழி தெரியாத ஊர், அந்நியத் தேசம். அங்கே ஒளிப்பதிவு படித்து 1969-ல் தங்கப்பதக்கத்தோடு வெளியே வந்தார். அதற்குப் பிறகு 'அழியாத கோலங்கள்', 'மூன்றாம் பிறை', 'வீடு' என்று வந்தவை எல்லாருக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாதது, படித்த படிப்பை அவர் பங்கிட்டுக் கொடுத்த விதம். பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி எல்லாரும் அவரிடம் உதவி இயக்குநர்களாக இருந்தவர்கள். கடைசிக் காலத்தில் சென்னையில் 'சினிமாப் பட்டறை' என்று பள்ளியே வைத்தார். வெற்றிமாறன் தன் பங்குக்கு, முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்காகக் கட்டணமில்லாத திரை-பண்பாடு ஆய்வகத்தைத் தொடங்கியிருக்கிறார். ஒரே ஒரு மாணவன் வெளியூர் போய்ப் படித்ததன் வட்டி இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

அப்படி அங்கே போய்த்தான் கற்க என்ன இருக்கிறது? தொழில்நுட்பம் என்றால் ஒன்றுமில்லை என்றே சொல்வேன். லென்ஸ், லைட்டிங், எடிட்டிங் எல்லாம் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கின்றன. பென்னாகரத்துக் கல்யாண வீடியோக்காரர் டிரோன் ஓட்டுகிற லாவகம் பல முதலாண்டு மாணவர்களுக்கு வராது. கிடைக்காதது வேறு. பாரதக் கூத்தின் கடைசி நாளில் தருமபுரிப் பக்கத்து ஊர்களில் நடக்கும் துரியோதனன் படுகளத்தை எடுத்துக்கொள்வோம். திடலில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், ஒரு வீட்டு நீளத்துக்கு. வேடம் கட்டியவர்கள் அவன் மார்பின் மேலும் தோளின் மேலும் ஓடித் துரத்திக்கொள்வார்கள். பீமன் தொடையில் அடித்ததும் சிவப்புத் தண்ணீர் பீறிடும். அதைத் தொட்டுத்தான் பாஞ்சாலி கூந்தல் முடிவாள். இதை எங்கே நின்று எடுப்பது? தரையில் கேமராவை வைத்தால் ஒரு முழங்கால் மலைபோல் நிற்கும், உருவம் தெரியாது. டிரோனில் ஏற்றினால் உருவம் தெரியும், ஆனால் சாமி வந்து ஆடுகிற பெண்கள் புள்ளிகளாகிவிடுவார்கள். கூட்டத்தோடு வரப்பில் நின்றால், முன்னால் நிற்பவரின் தலைப்பாகைக்கு இடையில் கிடைக்கிற துண்டுக் காட்சிதான். மூன்றும் மூன்று வேறு படங்கள். எது வேண்டும், ஏன் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு மாணவனைக் குடைவதுதான் நல்ல பள்ளியின் வேலை. யூடியூப் காட்டிக்கொடுக்கும், திருப்பிக் கேள்வி கேட்காது.

இன்னொன்றும் உண்டு. வாச்சாத்தி வழக்கு பத்தொன்பது ஆண்டுகள் இழுத்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே தேதியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இந்தக் கதையைப் படமாக்கச் சொன்னால், நமக்குப் பழகிய சினிமா உடனே வன்முறைக் காட்சிக்குப் போகும், இல்லாவிட்டால் வக்கீல் முழங்குவார். மாலியில் வளர்ந்த அப்தெர்ரஹ்மான் சிசாகோ 2006-ல் 'பமாகோ' என்றொரு படம் எடுத்தார். உலக வங்கியின் மீதான விசாரணை ஒரு வீட்டு முற்றத்தில் நடக்கிறது. நிஜ நீதிபதிகள், நிஜ வக்கீல்கள். வாதம் ஒரு பக்கம் நடக்க, அதே முற்றத்தில் பெண்கள் துணிக்குச் சாயம் தோய்க்கிறார்கள், குழந்தை நடந்து போகிறது, கல்யாணக் கூட்டம் ஒன்று குறுக்கே வருகிறது. வழக்கும் வாழ்க்கையும் ஒரே சட்டகத்துக்குள். சாட்சி சொல்ல ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்த மலையடிவாரப் பெண்களைப் படமெடுக்க இப்படியும் ஒரு வழி உண்டு என்பது தெரியாதவர், அந்த வழியைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது, வேண்டாமென்று தள்ளவும் முடியாது. சிசாகோ சினிமா படித்தது மாஸ்கோவில்.

சரி, வினோத்ராஜ் எந்த நாட்டில் படித்தார் என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. 'கூழாங்கல்' 2021-ல் ராட்டர்டாம் விழாவின் உயரிய டைகர் விருதை வாங்கியது. எடுத்தவர் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூரில் வேலை பார்த்தவர். ஆனால் அவரும் ஒரு பள்ளியில் படிக்கத்தான் செய்தார்: சென்னையில் அவர் வேலைக்கு நின்ற டிவிடி கடையில் உலக சினிமா அத்தனையும் அடுக்கியிருந்தது. அந்தக் கடை போன்றவை இன்று இல்லை. ஒரு வினோத்ராஜ் முட்டி மோதி மேலே வந்ததைக் காட்டி வழி திறந்திருக்கிறது என்பது, கிணற்றிலிருந்து ஒருவன் ஏறி வந்துவிட்டதால் கயிறு வேண்டாம் என்பது போலத்தான். உதவி இயக்குநராகச் சேர்ந்து கற்பதுதான் நம் மரபு என்பதும் உண்மைதான். பாரதிராஜாவிடமிருந்து பாக்யராஜ், அவரிடமிருந்து பார்த்திபன், பாண்டியராஜன் என்று அந்த மரபு பெரிய ஆட்களைத் தந்திருக்கிறது. அதற்கும் கட்டணம் உண்டு, ரசீது மட்டும் கிடையாது. சாலிகிராமத்திலும் வடபழனியிலும் நாலு பேர் தங்குகிற அறையில், சம்பளம் வருமா வராதா என்று தெரியாமல், டிஸ்கஷனுக்கும் டீக்கும் நடுவே கழிகிற வருடங்களின் செலவை ஊரிலிருந்து யாரோ அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பாப்பிரெட்டிப்பட்டியில் மழையை நம்பி ராகி போடுகிற குடும்பத்தால் எத்தனை வருடம் அனுப்ப முடியும்? பெண்பிள்ளைகளுக்கு அந்த அறையும் கிடையாது.

புனேயும் தரமணியும் இருக்க வெளிநாடு எதற்கு என்ற கேள்விக்கு எனக்குப் பாதி உடன்பாடு. முதலில் அங்கே முயல வேண்டும். தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் இருக்கும் அரசுக் கல்லூரி 1945-லிருந்து வரும் பரம்பரை உடையது, பி.சி. ஸ்ரீராம் அங்கே படித்தவர். புனே மாணவர்கள் 2024-ல் கான் விழாவையே கலக்கினார்கள்: அங்கே படித்த பாயல் கபாடியா கிராண்ட் பிரி வாங்கினார், சிதானந்த நாயக்கின் மாணவக் குறும்படம் மாணவர் பிரிவில் முதல் பரிசு பெற்றது. ஆனால் புனேயில் இயக்கம் படிக்க நாடு முழுவதற்கும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு இடங்கள்தான். அதோடு, பாலு மகேந்திராவுக்குப் புனே தந்த அந்நியம் நமக்குத் தரமணியில் கிடைக்காது. தாய்மொழி உதவிக்கு வராத ஊரில், முகத்தையும் கையையும் வெளிச்சத்தையும் மட்டும் நம்பிப் படம் எடுக்கப் பழகுகிறவனுக்கு, ஊர் திரும்பியதும் வசனத்தின் மேல் இருக்கும் நம் அளவு மீறிய பாசம் கொஞ்சம் குறையும். தமிழ் சினிமாவுக்கு அது நல்லது.

இனிப் பணம். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நியூயார்க்கின் பேர்பெற்ற கல்லூரியில் முதுநிலைப் படிப்புக்கு ஆண்டுக் கட்டணமே 60,000 டாலரைத் தாண்டும். அரைக் கோடி ரூபாய். படிப்பு மூன்று வருடம். வங்கிகளின் கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து ஈடு கேட்பார்கள். காரிமங்கலத்தில் மாந்தோப்பை ஈடு வைத்துச் சினிமா படிப்பது முட்டாள்தனம், சந்தேகமே வேண்டாம். மருத்துவம் படித்தவனுக்குச் சம்பளம் காத்திருக்கிறது. சினிமா படித்தவனுக்கு முதல் படம் எப்போது என்று அவன் வாத்தியாருக்கும் தெரியாது. கல்வி ஏஜென்ட் அலுவலகத்தில் ஏசி அறையில் உட்காரவைத்துக் காட்டும் வண்ணப் புத்தகத்தை மூடிவிட்டு வேறு கதவுகளைத் தட்ட வேண்டும். ஜெர்மனியின் அரசுத் திரைப்படப் பள்ளிகள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை அல்லது மிகக் குறைவு. ஆனால் பாடம் ஜெர்மனில், இடம் மிகக் கொஞ்சம், விசாவுக்கு வங்கியில் 11,904 யூரோ முடக்கிக் காட்ட வேண்டும். அதைவிட நல்ல கதவு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகைத் திட்டம். ஆவணப்பட இயக்கத்துக்கான 'டாக்நோமட்ஸ்' படிப்பில் இரண்டாண்டும் லிஸ்பன், புடாபெஸ்ட், பிரஸ்ஸல்ஸ் என்று மூன்று நகரங்களில் படிக்கலாம். ஒளிப்பதிவுக்கு 'வியூஃபைண்டர்' இருக்கிறது. உதவித்தொகையோடு தேர்வானால் கட்டணம் கிடையாது, கைச்செலவுக்கு மாதம் 1,400 யூரோ, பாடம் ஆங்கிலத்தில். போட்டி கடுமை என்பது உண்மை. ஆனால் அங்கே தேர்வுக்குழு பார்ப்பது ஏற்கெனவே எடுத்த படத்தை. அப்பாவின் சொத்து மதிப்புச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை.

ஐரோப்பியர் வரிப்பணத்தையே நம்பியிருப்பதும் சரியில்லை. ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்கள் அயல்நாடு போய் உயர்கல்வி பெறத் தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இந்தியாவில் வேறெங்கும் எளிதில் காண முடியாத தாராளம். இத்தகைய திட்டங்களில் திரைப்படக்கலையைப் பெயர் சொல்லி வரவேற்க வேண்டும், பிற ஏழை மாணவர்களுக்கும் ஒரு சில இடங்கள் ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இதற்கு நேர் எதிராக நடந்தது: 2022-ல் வந்த திருத்திய விதிமுறை, இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, சமூகம் குறித்த ஆய்வுகளுக்கு அந்தத் தொகை கிடையாது என்றது. அதாவது அரூர்ப் பக்கத்து ஆதிதிராவிடப் பெண் ஒருத்தி தன் ஊரின் கூத்தைப் பற்றியோ தன் ஊருக்கு நடந்ததைப் பற்றியோ வெளிநாட்டில் ஆராய விரும்பினால், அந்த வாசல் அடைப்பு. அதெல்லாம் இங்கேயே படிக்கலாமே என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். எங்கே உட்கார்ந்து யோசித்தால் தன் ஊர் நன்றாகத் தெரியும் என்பதை மாணவிதானே முடிவு செய்ய வேண்டும்?

ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லாத மாவட்டத்தில் சினிமாவுக்கா அரசுப் பணம் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. டாக்டருக்கான பணத்தை எடுத்துத் தரச் சொல்லவில்லை. ஆண்டுக்கு நாலைந்து பேர் என்பது ஒரு மேம்பாலத்தின் ஓரத்துச் செலவுகூட ஆகாது. செனகலின் உஸ்மான் செம்பேன் மார்சேய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நாற்பதை நெருங்கும் வயதில், 1962-ல், சோவியத் அரசின் தயவில் மாஸ்கோவில் ஓராண்டு சினிமா கற்றார். திரும்பி வந்து ஆறே ஆண்டுகளில் 'மண்டாபி'யைத் தன் வோலோஃப் மொழியில் எடுத்தார். வெளிநாட்டில் படித்தவன் விழாக்களுக்காக அந்நியமாகப் படமெடுப்பான் என்று பயப்படுகிறவர்களுக்கும் அவரே பதில். போனவர்கள் திரும்புவார்களா என்ற பயத்துக்கு ஃபெர்னாண்டோ பிர்ரியைச் சொல்லலாம். ரோமில் படித்த அவர் அர்ஜென்டினாவில் தன் ஊரான சாந்தா ஃபேவுக்குத் திரும்பி ஆவணப்படப் பள்ளி தொடங்கினார். ஓடும் ரயிலின் கூடவே ஓடிச் சில்லறை கேட்கும் குழந்தைகளைப் பற்றி மாணவர்களைக் கொண்டே படமெடுத்தார். பிறகு 1986-ல் எழுத்தாளர் மார்க்கேஸோடு சேர்ந்து கியூபாவில் மூன்று கண்டங்களின் ஏழை நாடுகளுக்காக ஒரு பள்ளியே நிறுவினார். எல்லாரும் பிர்ரியாக மாட்டார்கள். சிலர் அங்கேயே தங்கிவிடுவார்கள், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வெளிநாட்டு வளாகம் எல்லையற்ற சுதந்திரத்தின் இடம் என்ற மயக்கமும் வேண்டாம். டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இயக்குநர் லீனா மணிமேகலையின் 'காளி' படச் சுவரொட்டி 2022-ல் சர்ச்சையானபோது, படத்தைத் திரையிட்ட கனடிய அருங்காட்சியகம் வருத்தம் தெரிவித்து விலகிக்கொண்டது. இங்கே பதிவான வழக்குகளில் அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு தந்தது 2023 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம்.

தருமபுரி அரசுக் கலைக் கல்லூரியிலோ பெரியார் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறையிலோ படித்துக்கொண்டு இந்த எண்ணத்தோடு இருக்கும் தம்பி தங்கைகளுக்கு இரண்டு வார்த்தை. கேமரா வாங்கக் காத்திருக்க வேண்டாம். பாலக்கோடு தக்காளி மண்டியில் விடியற்காலையில் கைப்பேசியை ஒரு கூடையின் மேல் நிறுத்தி, அசைக்காமல், இசை சேர்க்காமல், ஒரே ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். லூமியேர் சகோதரர்கள் எடுத்த அளவு அதுதான், பல பள்ளிகளில் முதல் பயிற்சியும் அதுதான். பிடிக்கும்வரை திரும்ப எடுங்கள். பாஸ்போர்ட்டுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள், ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகுங்கள். ஈராஸ்மஸ் படிப்புகளுக்கு ஏதாவது ஓர் இளநிலைப் பட்டம் வேண்டும், அது திரைப்படப் பட்டமாக இருக்க வேண்டியதில்லை. விண்ணப்பங்கள் பெரும்பாலும் அக்டோபரில் தொடங்கி ஜனவரிக்குள் முடிந்துவிடும்.